குரல் போன வாரம் சொன்ன கதை

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு என் குரல் போயிற்று. தொண்டையில் சின்னக் கட்டி, ஆபரேஷன் முடியும்வரை வாயே திறக்கக்கூடாது என்று வேலூரில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைதான் சென்னையில் ஒரு டைரக்டருக்கு நான் கதை சொல்ல வேண்டும். சினிமாவில் எழுதிக் கொடுத்தால் எளிதில் படிக்கமாட்டார்கள். எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். நான் எதை வைத்துச் சொல்வது?

ஆரணியில் கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏரோது ராஜாவுக்கு நான் எழுதிய வசனத்தைக் கேட்கச் செய்யாற்றிலிருந்து வண்டி பிடித்து வந்தவர்கள் உண்டு. அந்த மாதிரி வசனம்தான் சென்னையில் என்னைக் கவிழ்த்தது. “நாடகமா இருக்கு சார், ரொம்பப் பேசறாங்க” என்று போன இடமெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். இந்த டைரக்டர்தான் கடைசி நம்பிக்கை.

முழங்காலில் விழுந்து அழுதேன். ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை மட்டுமாவது குரலைக் கொடும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் மனைவி எஸ்தர் உபவாசம் இருந்தாள். செவ்வாயும் விடிந்தது. குரல் வரவில்லை. போகவில்லை என்று கையசைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

எஸ்தர் பட்டு நெய்கிறவள். என் நாடகங்களில் மரியாள் அவள்தான். மற்ற நடிகர்களும் நெசவாளிகளே. வேலையை விட்டு ஒத்திகைக்கு வர முடியாது என்பதால் நான்தான் தறிக்குத் தறி போய்ச் சொல்லித் தருவேன்.

“ஏங்க, தறி ஓடிகினு இருக்கசொல்ல அந்தச் சத்தத்துல நீங்க சொன்னது ஒரு வார்த்தையாவது எங்க காதுல விழுந்துச்சா? கையாலயும் மூஞ்சாலயும்தானே கத்துக் குடுத்தீங்க! அதையே அங்க செய்ங்க. பேச வேண்டிய எடத்துல நான் பேசறேன். ஜல்தி கெளம்புங்க” என்றாள்.

பஸ் ஏறிச் சென்னை போய், டைரக்டர் முன்னால் முழுக்கதையையும் நடித்தேன். எஸ்தர் வசனம் சொன்னாள். நான் ஆசை ஆசையாக எழுதிய நீளமான பேச்சு வந்தபோது, இரண்டே வரி சொல்லி நிறுத்திவிட்டாள். முறைத்தேன். அவள் விட்டத்தைப் பார்த்தாள். திரும்பினால், டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“எல்லாரும் எனக்குக் கதை சொல்லுவாங்க சார். நீங்க படத்தையே காட்டிட்டீங்க” என்றார்.

அங்கேயே எனக்குப் புரிந்தது. என் ஜெபத்துக்குப் பதில் வந்தாயிற்று. நான் கேட்ட வழியில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரலும் வந்தது, கொஞ்சம் கரகரப்போடு. இந்த வருஷம் அந்தப் படம் ஆரணிக்கு வந்தது. திரையில் என் பெயர் வந்ததும் எஸ்தர் எழுந்து நின்று, “எங்க ஊட்டுக்காரருங்க!” என்று தியேட்டரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். நான் தலை குனியவில்லை. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே. இப்போதெல்லாம் எந்தக் காட்சியையும் பேச்சில்லாமல் நடித்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

அன்பானவர்களே, கேட்டது வரவில்லையே என்று படுத்துவிடாதீர்கள். ஜெபித்துவிட்டு பஸ் ஏறுங்கள். அன்றைக்கு நான் ஏறாமல் இருந்திருந்தால், எனக்குத் திரும்பக் கிடைத்தது குரல் மட்டுமாகத்தான் இருந்திருக்கும்.