வளைவுக்குள் வளைவு வந்த கதை

1. சட்டம் உட்காரவில்லை

தாமல் ஏரிக்கு அந்தப்புறம் ஒரு சிற்றூரில் மாதா கோயில் கட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. அதற்கு முன் நான் கட்டியதெல்லாம் ஏரி மதகுகளும் சத்திரத்துச் சுவர்களும்தான். பிரான்சு தேசத்துச் சாமியார் ஒருவர், தன் ஊர்க் கோயிலைப் போலவே இங்கும் வேண்டுமென்று பிளான் வரைந்து கொடுத்தார். பருத்த சுவர், சின்ன ஜன்னல், பீடத்துக்கு முன்னால் அரைவட்ட வளைவு. அந்த வளைவின் அகலம் என்று பிளானில் '4' போட்டு, பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தது.

அந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. நாலு அடியாக இருந்தால் பருத்த உடம்புக்காரரான சாமியாரே பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். ஆகவே நாலு கஜம் என்று நானே தீர்மானித்துவிட்டேன். கேட்டால் மேஸ்திரிக்குப் பிளான் படிக்கத் தெரியாது என்று ஆகிவிடுமே!

பீடத்துச் சுவர்கள் ஆள் உயரம் எழும்பின. வளைவு கட்டி இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் சென்டரிங் மரச்சட்டத்தைச் செய்த ஆசாரி காதர் பாய் அதை வண்டியில் ஏற்றி வந்தார். சாமியார் கொடுத்த அளவுகோலை வைத்து அவர் செய்த சட்டம், சுவர்களுக்கு நடுவே இறங்க மறுத்தது. ஓர் அடிக்கு மேல் மிச்சம்.

"இன்னாப்பா மேஸ்திரி, என் சட்டம் வளந்துக்கினு வந்துச்சா, உன் சொவரு ஒடுங்கிக்கினு போச்சா?" என்றார்.

அப்போதுதான் கஜத்தைவிடக் கொஞ்சம் நீளமாக மீட்டர் என்று ஓர் அளவு உண்டு என்பதும், பிளானில் இருந்த எழுத்து அதுதான் என்பதும் எனக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் அறுத்துடேன் பாய்."

"அறுத்தா அது வட்டமா இருக்காதுபா, வாழக்கா மாதிரி இருக்கும்."

மேற்றிராணியாரை, அதாவது பிஷப்பை, பார்க்கப் போயிருந்த சாமியார் நாலு நாளில் திரும்பிவிடுவார். சுவரை இடித்தால் மழைக்கு முன் வேலை முடியாது. காஞ்சிபுரத்தில் எவனும் என்னை வேலைக்குக் கூப்பிடவும் மாட்டான்.

சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பக்க மண்டபம் இன்னும் எழும்பவில்லை. சரி, பெரிய சட்டத்தை முன்னால் நிறுத்தி அங்கே ஒரு வளைவு, அதற்குள் பக்கத்துக்கு ஏழு அங்குலம் உள்வாங்கி இன்னொரு சின்ன வளைவு. காதர் பாய் என்னைத் திட்டிக்கொண்டே சின்னச் சட்டமும் அடித்துக் கொடுத்தார்.

திரும்பி வந்த சாமியார் பாதி எழும்பிய இரட்டை வளைவின் முன் நின்றவர் நின்றபடியே இருந்தார். கண் கலங்கிவிட்டது. அவர் தமிழை இலக்கணப் புத்தகத்தில் படித்தவர்.

"மேஸ்திரியாரே, எம் ஊர் ஆலயத்திலும் வளைவுக்குள் வளைவு உண்டு. செலவு மிகுமென்று நான் வரையாது விட்டேன். நீர் எங்ஙனம் அறிந்தீர்?"

"தோணிச்சு சாமி" என்றேன்.

காதர் பாய்க்குத் திடீரென்று இருமல் வந்தது.

2. திரை தொங்கிய நாள்

கோயில் திறக்கப் பத்து நாள் இருக்கையில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் பொன்னுசாமி, பீடத்துக்கு முன் மாட்டச் சாமியார் நெய்யச் சொல்லியிருந்த பட்டுத் திரையைக் கொண்டுவந்தார். உள்வளைவில் மாட்டினால் ஓர் அடிக்கு மேல் தொளதொளவென்று தொங்கியது. "அளவு பிழைத்துவிட்டதே" என்று சாமியார் முகம் சுளித்தார்.

"சாமி குடுத்த கோல்ல அளந்துதான் நெய்ஞ்சேன். பட்டு இன்னா, தண்ணியில ஊறிப் பெருக்குமா?" என்றார் பொன்னுசாமி. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு மேல தப்பு இல்ல சாமி. மீட்டர நான் கஜமா எடுத்துக்கினேன். அத மறைக்கத்தான் ரெண்டு வளைவு" என்று சொல்லிவிட்டேன்.

சாமியார் கோலை எடுத்து அவரே அளந்தார். பிறகு வளைவை அண்ணாந்து பார்த்தார். சட்டென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எம் ஊர் வளைவுக்கு அறிஞர்கள் பற்பல விளக்கம் எழுதியுள்ளனர். ஒருவேளை அங்கும் ஒரு மேஸ்திரியார் வினவாது விட்டாரோ!"

பிறகு பொன்னுசாமியிடம் மன்னிப்புக் கேட்டார். திரையைக் கொசுவி மாட்டினோம். மடிப்பு மடிப்பாக அழகாகவே விழுந்தது. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் கோயில் திறந்த பிறகு ஜன்னல்களுக்கும் இரட்டை வளைவு கட்ட வேண்டுமென்று சொல்லிவிட்டார். ஜன்னல் மொத்தம் பதினான்கு.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிளானில் ஓர் எழுத்துப் புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். கேட்டால் ஒரு நிமிஷம் வெட்கப்பட வேண்டியிருக்கும். நான் கேட்காததால் ஒரு மழைக்காலம் முழுக்க ஏணி மேலேயே நின்றேன்.