லெந்து முடியாத வருடம்

முதலில் காட்டிக்கொடுத்தது பாட்டுதான். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் நானும் நண்பன் எட்வினும் வாலிப வயதிலிருந்தே பக்கத்துப் பக்கத்தில் நின்று பேஸ் (ஆண்குரலில் மிகத் தாழ்ந்த பகுதி) பாடுகிறவர்கள். ஒரு ஞாயிறு முடிவுப் பாட்டின் கடைசி வரியைப் பாதியில் விட்டுவிட்டேன். மூச்சு இல்லை. எட்வின் ஓரக்கண்ணால் பார்த்தான். நான் இருமலை விழுங்கிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன்.

என் மனைவி மெர்சி அந்த வாரமே என்னை நுரையீரல் மருத்துவரிடம் இழுத்துப்போனாள். அங்கே ஸ்பைரோமெட்ரி (காற்றை எவ்வளவு, எவ்வளவு வேகமாக ஊதி வெளியேற்றுகிறோம் என்று அளக்கும் சோதனை) செய்தார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க!" என்று சோதனை செய்த பெண் கத்தினாள். முப்பது வருடம் சிகரெட் ஊதித் தள்ளியவனுக்கு அன்று ஊத முடியவில்லை.

சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியேற முடியாத நாள்பட்ட நோய்) என்றார் மருத்துவர். கன்னடக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், தமிழ் நன்றாகவே பேசினார்.

"போன மூச்சு திரும்பி வராது சார். இருக்கறதைக் காப்பாத்தலாம். சிகரெட்டை விட்டா இன்னும் ரொம்ப வருஷம் பாடலாம். முன்னாடி எப்பவாச்சும் விட்டிருக்கீங்களா?"

"வருஷா வருஷம் விடுவேன் டாக்டர்."

மெர்சி தலையில் அடித்துக்கொண்டாள். "லெந்துக்கு விடுவாரு டாக்டர். ஈஸ்டர் ஆராதனை முடிஞ்சதும் நேரா டீக்கடைக்குப் போய்ப் பத்த வெப்பாரு. அதுக்குன்னு ஒரு கூட்டாளி வேற."

லெந்து என்பது ஈஸ்டருக்கு முன் எங்களவர்கள் கறியையோ வேறு எதையோ விட்டிருக்கும் நாற்பது நாள். நான் சிகரெட்டை விடுவேன். எட்வினும் விடுவான். ஈஸ்டர் காலையில் அவன் ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரித்து முதல் சிகரெட்டை எனக்கு நீட்டுவான். எங்களுக்குப் பண்டிகை அங்கேதான் தொடங்கும்.

மருத்துவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "அப்போ உங்க உடம்புக்கு விடறதுன்னா என்னன்னே தெரியாது சார். காத்திருக்க மட்டும்தான் தெரியும்."

சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே அன்று விட்டேன்.

முதல் வாரங்களைப் பற்றி என்ன சொல்ல? இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அது தெரியும். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கத் தெரியவில்லை என்று மெர்சியிடம் கத்தியிருக்கிறேன், பாவம். நிகோடின் சூயிங்கம் (புகை இல்லாமல் கொஞ்சம் நிகோடினை மட்டும் தந்து உடம்பைச் சமாதானப்படுத்துவது) கைகொடுத்தது. இன்ஹேலர் பழகியது. என்னை எப்போதும் "குரு" என்றே கூப்பிடும் எட்வின் ஒரு வழி சொன்னான்: "நீ வரி நடுவுல மூச்சு எடு குரு. அப்போ நான் நிறுத்தாம பாடறேன். நான் எடுக்கறப்ப நீ பாடு. கேக்கறவங்களுக்குத் தெரியாது."

மழைக்காலம் முடிந்து டிசம்பர் குளிர் வந்தபோது மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். சாம்பாரில் பெருங்காய வாசனை தெரிந்தது. சூயிங்கத்தையும் நிறுத்திவிட்டேன். ஜெயித்துவிட்டோமடா என்று நினைத்தேன்.

அப்புறம் லெந்து வந்தது. அதன் முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனையிலிருந்து வெளியே வந்ததுமே தொண்டையில் அந்த இழுப்பு. விரல்கள் சட்டைப்பையைத் தேடின. மாதக்கணக்கில் அடங்கியிருந்த ஆசை, ஈஸ்டர் வரப்போகிறது என்று தெரிந்து எழுந்து உட்கார்ந்துகொண்டது. "மனசு வெச்சா முடியும் அங்கிள்" என்று சபையில் ஒரு பையன் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டேன். மனசு வைக்காமலா இத்தனை மாதம் ஓட்டினேன்?

மருத்துவரிடம் போய் எகிறினேன். அவர் பதறவில்லை. "பேஜார் பண்ணிக்காதீங்க சார். உடம்புல இருந்த நிகோடின் எப்பவோ போயிடுச்சு. இது பழக்கத்தோட ஞாபகம். வந்தா சில நிமிஷம் நிக்கும், போயிடும். அதோட சண்டை போடாதீங்க. தள்ளிப் போடுங்க."

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்தது. டீக்கடையில் எட்வின் வழக்கம்போல் பாக்கெட்டைப் பிரித்து, "ஹேப்பி ஈஸ்டர் குரு" என்று நீட்டினான். கெடுக்க நினைத்து அல்ல. அவன் கைக்கும் அதுதான் பழக்கம். என் விரல்கள் வாங்கிக்கொண்டன. அவன் தீக்குச்சியைக் கிழித்தபிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"ஐயோ, சாரிடா. மறந்தே போயிட்டேன்."

எனக்கு அது வேண்டும்போல் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அழுகை வரும் அளவுக்கு வேண்டும்போல் இருந்தது. இதற்குத்தானே உடம்பு காத்திருந்தது. காத்திருக்கத்தானே அதற்குத் தெரியும்?

"இருடா. டீ முடியட்டும்" என்றேன்.

டீ முடிந்தது. சிகரெட் இன்னும் என் விரலிடுக்கில்தான் இருந்தது.

"அடுத்த ஆராதனை முடியட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்ல பிரியாணி. அது முடியட்டும்."

"இப்படியே அடுத்த ஈஸ்டர் வரைக்கும் தள்ளுவியாடா?"

"தள்ளுவேன்."

எட்வின் என் விரல்களுக்கு நடுவிலிருந்த சிகரெட்டை எடுத்துப் பாக்கெட்டுக்குள் செருகினான். அவனும் பற்றவைக்கவில்லை. "எனக்கும் ஆராதனை முடியட்டும்" என்று முனகினான்.

உங்களுக்கு ஆசை இன்னும் போகவில்லையா? எனக்கும் போகவில்லை. அது போன பிறகுதான் குணம் என்று நினைத்து எத்தனையோ நாள் என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது அது வந்தால் உட்காரச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். எல்லாருக்கும் லெந்து முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

அந்த ஈஸ்டர் நாளின் இரண்டாம் ஆராதனையில் முடிவுப் பாட்டின் கடைசி வரி வந்தது. பாதியில் நின்றேன். எட்வின் விடாமல் பாடினான். நான் அவசரப்படாமல் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, வரி முடிவதற்குள் அவனோடு சேர்ந்துகொண்டேன்.