பித்தளைக் கொண்டைத் தொப்பி

பாளையங்கோட்டை வைத்தியலிங்கம் தன் உத்தியோக காலம் முழுவதும் தீயோடு பழகியவர். அதாவது, தீ அணைந்த பிறகு. காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுவது அவர் வேலை. கடை எரிந்தவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். இவர் சலவைச் சட்டையில் வந்திறங்கி, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கரிக்குள் ஒரு குச்சியை விட்டுக் கிளறி, எரிந்ததில் பாதி எரியவே இல்லை என்று நிரூபித்துவிட்டுப் போவார். இந்த அரும்பணியைப் பாராட்டிக் கம்பெனி அவர் ஓய்வுபெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அது ஓடவில்லை. அதைப் பழுதுபார்க்க உட்கார்ந்தபோதுதான், பழைய பொருட்களைப் புதுப்பிக்கும் கலை தனக்குள் இத்தனை நாளும் உறங்கிக் கிடந்திருக்கிறது என்று கண்டுகொண்டார். கடிகாரம் அதற்குப் பிறகும் ஓடவில்லை.

அவர் மனைவி சொர்ணாம்பாள் கணக்கு டீச்சராக இருந்தவர். மிக்ஸியும் ரேடியோவும் அடுத்தடுத்துக் காலமான பிறகு, வீட்டில் நன்றாக ஓடுகிற சாமான்களையெல்லாம் கணவர் கண்ணில் படாமல் வைக்கத் தொடங்கினார். அதனால் ஒரு நாள் அவர் பழைய இரும்புக் கடையிலிருந்து அந்தத் தொப்பியோடு வந்தபோது சொர்ணாம்பாளுக்கு நிம்மதியாகவே இருந்தது. அதில் இனிமேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் காலத்துத் தீயணைப்புக்காரர்கள் போட்ட தொப்பி அது. மூடிப்போன ஒரு பஞ்சாலையின் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்ததாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். கெட்டித் தோலில் செய்த உடம்பு. உச்சியிலிருந்து பிடரிவரை சேவல் கொண்டைபோலப் பித்தளை. நெற்றியில் இரண்டு கோடரிகள் குறுக்காகப் பொறித்த தகடு. பித்தளையில் பச்சை பூத்திருந்தது. தோல் கோடைக்கால வயலாக வெடித்திருந்தது. உள்ளே தலையைப் பிடிக்கும் பட்டையை எலிகள் எப்போதோ மதிப்பீடு செய்து முடித்திருந்தன.

வைத்தியலிங்கம் வேலையைத் தொடங்கினார். ரசத்துக்கு இருந்த புளியெல்லாம் பித்தளைக்குப் போயிற்று. தோலுக்கு விளக்கெண்ணெய் ஏற்றி ஏற்றி, வீட்டுக்கு வந்தவர்கள் யாருக்கு வயிறு சரியில்லை என்று விசாரிக்கும்படி ஆனது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: பித்தளை பொன்னாக மின்னியது, தோலும் கறுத்துப் பளபளத்தது. அந்த உற்சாகத்தில், செருப்புத் தைக்கும் கடையில் புதுத்தோல் வாங்கி உள்பட்டையைத் தானே தைத்தார். பட்டையை நனைத்து, தலையளவு மர அச்சில் மாட்டிக் காயவைக்க வேண்டும் என்று செல்போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் காட்டினார். வைத்தியலிங்கத்திடம் மர அச்சு இல்லை. அதற்கு நிகரான தலை இருந்தது.

தொப்பியை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தார். திருநெல்வேலிச் சித்திரை வெயில் தன் கடமையில் என்றும் குறைவைத்ததில்லை. பட்டை காய்ந்தது, காய்ந்ததும் சுருங்கியது. சொர்ணாம்பாள் வற்றலைப் புரட்ட மேலே வந்தபோது அவர் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்து மல்லாடிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதிய?"

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு. பைய இழு பாப்போம்."

இழுத்தார். புருவங்கள் மேலே போயின, தொப்பி போகவில்லை. நல்லெண்ணெய் விட்டுப் பார்த்ததில் அது நெற்றி வழியாக இறங்கி மூக்கு நுனியில் சொட்டியது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றலாம் என்றார் சொர்ணாம்பாள். வெளித்தோல் வீணாகிவிடும் என்று தொப்பியின் பக்கம் நின்று பேசினார் கணவர். குழந்தைகள் தலையில் பாத்திரம் மாட்டிக்கொண்டால் ஊரில் எங்கே கொண்டுபோவார்கள் என்று சொர்ணாம்பாள் யோசித்தார். பிறகு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

யாரும் பார்க்காமலிருக்கத் துண்டைப் போட்டு மூடியதில், கும்பாபிஷேகத்துக்குப் போகும் கலசம்போல ஆகி, பார்க்காதவர்களும் பார்த்தார்கள்.

தீயணைப்பு நிலையத்தில் அன்று பொறுப்பிலிருந்தவர் இசக்கிமுருகன். துண்டை எடுத்ததுமே ஆளைத் தெரிந்துகொண்டார். முன்பு ஒரு துணிக்கடைத் தீயை இசக்கிமுருகனும் அவர் ஆட்களும் பொழுதெல்லாம் நின்று அணைத்திருந்தார்கள். மறுநாள் வந்த வைத்தியலிங்கம், துணிகள் கெட்டது தீயால் அல்ல, தீயணைப்புக்காரர்கள் அடித்த தண்ணீரால் என்று எழுதிவிட்டுப் போனார். கடைக்காரர் நேராக இவர்களிடம் வந்து சண்டை பிடித்தார்.

இசக்கிமுருகன் தொப்பியைச் சுற்றி வந்து பார்த்தார். "சார், தலைக்குச் சேதம் வந்தா அது தொப்பியாலயா, நாங்க எடுத்ததாலயா? இப்பமே சொல்லிருங்க. பொறவு எங்க பேர எழுதிரப்பிடாது."

வைத்தியலிங்கம் துண்டை எடுத்து மூக்கு நுனி எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். சொர்ணாம்பாள்தான் சொன்னார்: "எதுன்னாலும் நான் கையெழுத்துப் போடுதேன். நீங்க எடுங்க தம்பி."

மெல்லிய கத்தியை உள்ளே விட்டுத் தையலை அறுத்தார்கள். தைத்தவரின் கைத்திறத்தால் வேலை சீக்கிரமே முடிந்தது. தொப்பி கழன்றது. நெற்றியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் மிஞ்சியது.

கேலி செய்யச் சூழ்ந்துகொண்டவர்கள் தொப்பியைக் கையில் வாங்கியதும் அடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவராகத் தூக்கிக் கனம் பார்த்தார்கள். இசக்கிமுருகன் கட்டைவிரலால் பித்தளைக் கொண்டையைத் தடவினார். "இத மாட்டிக்கிட்டு ஒருத்தன் உள்ள போயிருக்கான் பாருங்க. நல்லாத்தான் பண்ணிருக்கிய சார். வெளிய மட்டும்."

தீப்பிடித்த இடங்களையே சுற்றிவந்த தன் வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியை வைத்தியலிங்கம் அப்போது கேட்டார். "உள்ள எப்படி இருக்கும்?"

"ஒண்ணும் தெரியாது சார். சுவரத் தடவிக்கிட்டேதான் போவோம். சூடு மொதல்ல காதுலதான்..."

மணி அடித்தது. எங்கோ குப்பைக் கிடங்கு எரிகிறதாம். சொன்ன பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு இசக்கிமுருகன் ஓடினார், மற்றவர்களும் ஓடினார்கள். வண்டி கிளம்பிப் போயிற்று. தீயணைப்புக்காரர்கள் திரும்பிப் போன பிறகு கிடக்கும் கரியைத்தான் வைத்தியலிங்கம் பார்த்திருக்கிறார், போவதைப் பார்த்ததில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் தேய்ந்து மறையும்வரை பெஞ்சிலேயே இருந்தார். சொர்ணாம்பாளும் அவசரப்படுத்தவில்லை.

உள்பட்டையை அவர் திரும்பத் தைக்கவில்லை. பழம்பொருளை அதன் போக்கில் விட்டுவிடுவதே முறை என்று வருகிறவர்களிடம் விளக்கினார். தொப்பி கூடத்து அலமாரியில் ஏறியது. யாரும் தொடக்கூடாது என்றும் உத்தரவாயிற்று.

ஒரு மதியம் தூக்கம் கலைந்து எழுந்து வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சொர்ணாம்பாள் நிலைக்கண்ணாடிமுன் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பட்டை இல்லாத தொப்பி புருவத்துக்குக் கீழே இறங்கி வந்தது. ஒரு விரலால் அதை மேலே தூக்கிவிட்டு, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். வைத்தியலிங்கம் சத்தமில்லாமல் திரும்பிப் போய், படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.