மூன்றாம் பாகத்துக்காரன்

இரண்டாம் பாகம்தான் சிறந்தது. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு நான் கட்சி மாறிவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

கலங்கரை விளக்கக் காவல்காரர் ஒருவர் காணாமல் போகிறார். அவருடைய மகள் அவரைத் தேடிப் புறப்படுகிறாள். அந்தக் கணினி விளையாட்டின் கதை அவ்வளவுதான். மொத்தம் நான்கு பாகங்கள். சுடுவது, வெட்டுவது, துரத்துவது எதுவும் கிடையாது. திரையில் கண்ணில் படுகிற பொருளைச் சொடுக்கி எடுத்துப் பையில் போட வேண்டும். எதிர்ப்படுகிற ஆட்களோடு பேச வேண்டும். எந்தப் பொருளை எங்கே கொண்டு வைத்தால் வழி திறக்கும் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டும். முதல் பாகம் தீவில் நடக்கும். இரண்டாவது துறைமுக நகரத்தில். மூன்றாவது முழுக்க ஒரு ரயிலுக்குள். நான்காவதைப் பற்றி நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் பேசுவதில்லை.

என் நண்பன் மூன்றாம் பாகத்துக்காரன். இரண்டு பேரும் அருமனை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து மார்த்தாண்டம் வந்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து விளையாடுவோம். நான்கு பாகங்களையும் முடித்த நாளில் தொடங்கிய சண்டை இது. இரண்டா, மூன்றா?

இரண்டாம் பாகத்தில் சிரிப்பு இருக்கிறது என்பேன் நான். துறைமுகத்தில் வருகிற ஒவ்வொருவரும் ஒரு மாதிரிப் பேசுவார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. சிரிப்புக் காட்டுவதற்கு சர்க்கஸ் போதும் என்பான் அவன். மூன்றாம் பாகத்தில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும், இறங்க முடியாது, கையில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு என்பான். என் கல்யாணத்தன்று மேடையேறி என் கையைப் பிடித்துக் குலுக்கியவன், வாழ்த்துச் சொல்லாமல், "லே, ரெண்டாம் பாகத்துல பூனைக்க மணிய எதுக்கு அந்த சுங்க அதிகாரிட்ட குடுக்கணும்? ஒரு காரணம் சொல்லு பாப்போம்" என்றான். பக்கத்தில் நின்ற என் மனைவிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு சில வருஷம் வளைகுடாவில் இருந்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு மணி நேரம் ரயிலைப் பற்றிப் பேசுவான். திரும்பி வந்து, நான் குடியேறியிருந்த மார்த்தாண்டத்திலேயே மொபைல் கடை போட்டான். சண்டைக்கு போன் செலவு மிச்சமானது.

எல்லாவற்றுக்கும் அப்படித்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவன் என்பார்களே, இவன் அடுத்தவர் பிடித்த முயலுக்கும் மூன்று கால்தான் என்பான். வானம் கறுத்திருக்கிறது என்றால், கறுப்பில்லை, சாம்பல் நிறம் என்று திருத்துவான். கடைக்கு வருகிறவர் போனில் சார்ஜ் நிற்கவில்லை என்றால், நிற்கிறது, நீங்கள்தான் சும்மா இருக்கவிடமாட்டேன் என்கிறீர்கள் என்பான். அப்படியும் கடையில் கூட்டம் குறைந்ததில்லை.

போன மழைக்காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு அருமனை வீட்டுக்குப் போகும்போது வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தான். தலையில் அடி. திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்த நேரத்தை நான் விரித்து எழுத விரும்பவில்லை. பிழைத்துக்கொண்டான். டாக்டர் அவனிடம் பெயர் கேட்டார், சொன்னான். மனைவி பெயர், ஊர், கிழமை எல்லாம் மெதுவாகச் சரியாகச் சொன்னான். கை கால் நன்றாக அசைந்தது. வார்த்தைதான் தேடித் தேடி வந்தது. அதுவும் நாள்பட நாள்பட வந்துவிடும் என்றார் டாக்டர். சபையில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் ஊருக்குத் திரும்பி நிம்மதியாகத் தூங்கினேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அவன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். போனில் குரல் தணிந்திருந்தது.

"அண்ணா, எது கேட்டாலும் ஆமாண்ணுதான் சொல்லுதாரு. சாயாவுல சீனி போட்டாலும் ஆமா, போடல்லண்ணாலும் ஆமா. நேத்து மீன்கறியில உப்பு கூடிப்போச்சு, எனக்கே வாயில வைக்க முடியல்ல. நல்லா இருக்காண்ணு கேட்டேன். ஆமாண்ணாரு. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்க கறியக் குத்தம் சொல்லாம ஒரு நாளாவது எழும்பினது உண்டா? பேரு சொல்லுதாரு, ஊரு சொல்லுதாரு. ஆனா அவரு அங்க இல்லண்ணா."

சொந்தக்காரர்களுக்கு இது கவலையாகவே படவில்லை. பார்க்க வந்த அவன் சித்தப்பா, "இப்பமாக்கும் மனுசனானான். கர்த்தர் நல்லாச் சாந்தப்படுத்தியிருக்காரு" என்று என்னிடமே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், கையிலிருந்த மட்டிப்பழச் சீப்பை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். ஒரு மனிதன் பாதி தொலைந்துபோயிருக்கிறான், இவர்கள் நல்ல பாதி மிச்சம் என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

எல்லாரும் போன பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். மரியாதையான சிரிப்பு. அவனிடம் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

"லே, ரெண்டாம் பாகம்தானே நல்லது?" என்றேன்.

"ஆமா" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்க எத்தனை வருஷம் தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன்! கிடைத்தபோது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. மனம் கேட்கவில்லை, இன்னும் ஒன்று கேட்டேன்.

"ஆனா எல்லாத்தையும் விட நாலாம் பாகம்தான் கொள்ளாம், ரொம்ப நல்லது, இல்லியா?"

"ஆமா."

நிமிர்ந்து பார்த்தால் கதவருகே அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான்காம் பாகம் என்றால் அவன் எப்படிக் கொதிப்பான் என்று தெரியும்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அருமனைக்குப் போனேன். சண்டைக்கு இழுக்கிற மாதிரி எதையாவது சொல்லிப் பார்ப்பேன். ரப்பர் விலை, சபைத் தேர்தல், மார்த்தாண்டம் பாலம், எதற்கும் ஆமாதான். வேண்டுமென்றே தவறாகச் சொல்கிறேன் என்பது அவனுக்குப் புரிந்ததோ என்னவோ. சில சமயம் திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கே அழுகை வரும். பக்கத்தில் இருக்கிறவர் பார்ப்பார் என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போனேன். பழைய விளையாட்டைப் புதுக் கணினிக்கு ஏற்றபடி துடைத்து மெருகேற்றி மறுபடி வெளியிட்டிருந்தார்கள். சிகிச்சை, சோதனை என்றெல்லாம் அன்று எனக்கு நினைப்பில்லை. சும்மா பேசிப் பேசி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பாகத்தை ஓடவிட்டேன். அவன் சாய்வு நாற்காலியில் இருந்து பார்த்தான். அவன் மனைவி கீழே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கலங்கரை விளக்கத்தின் அடியில் இருக்கும் நிலவறைக் கதவு திரையில் வந்தது.

"தங்கச்சி, இந்தக் கதவுக்க கதை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியாது என்றாள். சொல்லத் தொடங்கினேன். அந்தக் கதவைத் திறக்க வழி தெரியாமல் நாங்கள் வாரக்கணக்கில் தவித்தோம். சென்டர் நடத்தியவர் மதுரைக்காரர். போகிற போக்கில் எங்கள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளம் வரணும்ப்பா, அப்பத்தேன் தெறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதுரையில் வெள்ளம் என்றால் ஆறு பெருகி ஊருக்குள் வருவது. எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீர். மேலே இருக்கிற குளத்தின் மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் பெருக்கெடுத்து வந்து கதவைத் தூக்கும் என்பது அவர் சொன்னதன் பொருள். நாங்கள் பையிலிருந்த தகரக் குவளையை எடுத்துக் கிணற்றில் மொண்டு கதவில் ஊற்றினோம். திறக்கவில்லை. மறுபடி மொண்டு ஊற்றினோம். ஒவ்வொரு தடவையும் திரையில் காவல்காரரின் மகள் ஆங்கிலத்தில் ஒரே வசனம் சொல்வாள்: "நனைந்த கதவு. பிரமாதம்." அடுத்த சனிக்கிழமையும் ஊற்றினோம். கடைசியில் மதுரைக்காரரே பொறுக்க முடியாமல், "என்ன தம்பி, கதவுக்கு எதுக்கு தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டார்.

அவன் மனைவி கிழங்கையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அந்த உற்சாகத்தில் நான் கதையை ஒரு அழகான முடிவுக்குக் கொண்டுபோனேன்.

"அவரு அர்த்தம் சொன்ன பொறவு இவனும் சிரிச்சான். உள்ளதுதான், தப்பு நம்ம பேருலயாக்கும்ணு ஒத்துக்கிட்டான்."

"இல்ல."

மெதுவான குரல். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினோம். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி சுருங்கியிருந்தது.

"என்ன இல்ல?" என்றேன்.

"நான்... ஒத்துக்கிடல்ல."

"ஒத்துக்கிட்டியே."

"எப்ப? வெள்ளம்ணா வெள்ளம்தான். அவருக்கு... தமிழ் தெரியல்லண்ணா... நான் என்ன செய்ய?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உண்மையாகவே அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மதுரைக்காரருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க முயன்று, இருவரையும் சென்டரிலிருந்து வெளியே போகச் சொல்லும் அளவுக்குப் போனது. இடையில் நான்தான் அவனைக் கொஞ்சம் நல்லவனாக்கி ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவன் நெற்றி இன்னும் சுருங்கியே இருந்தது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

"சரி, அத விடு. ரெண்டாம் பாகம்தான் நல்லதுண்ணு அண்ணைக்கு நீயே சொன்னியே."

"நானா?"

"நீதான். தங்கச்சி சாட்சி."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவன் முகம் சிவந்தது. "எனக்கு அப்ப... சுகமில்ல" என்றான். "சுகமில்லாதவன் சொன்னத... நீ பிடிச்சுக்கிட்டு நடக்கியா? மண்டன். மூணாவதுதான். அந்த... அதுல... நீளமாட்டு... ஓடுமே..."

வார்த்தை வரவில்லை. கை மட்டும் காற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் மனைவி வாயைத் திறந்தாள். நான் வேண்டாம் என்று கண் காட்டினேன். எடுத்துக்கொடுத்தால் பழையபடி ஆமா என்று சொல்லிவிடுவானோ என்று பயம். காத்திருந்தோம். வெளியே மழை தூற ஆரம்பித்து, யாரோ காயப்போட்ட ரப்பர் ஷீட்டை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"ரயிலு!" என்று கத்தினான். "ரயிலுல்லா அது! இறங்க முடியாது. உனக்க துறைமுகத்துல... நெனச்ச எடத்துக்கு நடக்கலாம். பேடிக்க என்ன இருக்கு அதுல? ஒரு பயம் வேண்டாமா?"

"கடைசி வரை அவளுக்க அப்பா கிடைக்கவே இல்லியே, அது ஒரு முடிவா? மூணாம் பாகத்துக்காரங்க நீங்க முடிக்காம விட்டதுனாலதான் நாலாம் பாகம் வந்துது."

"நாலாம் பாகத்துக்கு... எனக்க மேல பழி போடாத!"

அடுத்த அரை மணி நேரம் நான் அவனுக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. அவன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் மூன்று பேசினேன். அவன் என்னைச் சவத்துப் பயல் என்றான், பொட்டன் என்றான். அந்தச் சொற்கள் மட்டும் தேடாமலே வந்தன. நடுவில் அவன் மனைவி சாயா கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல சீனி போதாது" என்றான். போட்டிருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சீனி டப்பா திறக்கிற சத்தம் வர வெகுநேரம் ஆனது.

பிறகு களைத்துப்போய் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். தூக்கத்திலும் முகத்தில் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். போகட்டும், மூன்றாவதே நல்லது என்று ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்திருக்கலாம், என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. இல்லை, இனிமேல் எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

புறப்படும்போது அவன் மனைவி குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. சுகமில்லாதவனை ரொம்பப் பேசவைத்துக் களைப்பாக்கிவிட்டேன் என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா" என்றாள். "அடுத்த ஞாயிறும் வரணும். வந்து, தப்பா எதாவது சொல்லணும்."