தரவையைச் சுற்றி ஒரு தெரு

எங்கள் கார் கழகத்தில் ஐந்து கார்கள் இருந்தன. அவற்றில் ஓடாத கார் எங்களுடையது. காரில் ஒரு பழுதும் இல்லை. ஓட்ட வேண்டிய மனிதர் ஓட்டவில்லை, அவ்வளவுதான். அந்த மனிதர் என் கணவர்.

எண்பத்து மூன்று ஆடியில், தெற்கில் நடந்த கலவரத்தில் எங்கள் கடை எரிந்த பிறகு, அந்தச் சாம்பல் நிற ஏ ஃபோர்ட்டிக் காரில் என்னையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தவர் அவர்தான். வழியெல்லாம் மறித்தார்கள். ஒரு வளைவு திரும்பினால் ஒரு கூட்டம் நிற்கும், தடியோடும் பெற்றோல் கானோடும். ஒவ்வொரு இடத்திலும் கண்ணாடியை இறக்கி, சிங்களத்தில் சிரித்துப் பேசி, யாரோ ஒருவனுடைய பெயரைத் தன் பெயராகச் சொல்லி, எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் தீவில், நாரந்தனையில் வீட்டுப் படலையடியில் காரை நிறுத்தித் திறப்பை என் கையில் தந்தார். சில மாதம் கழித்து ஒருநாள் மட்டும் காரை வெளியே எடுத்தார். முதல் வளைவுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

“வளைவுக்கு அங்கால ஆர் நிக்கிறான் எண்டு தெரியேல்லை,” என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டிலுக்குள் போய்க் காரைத் துடைப்பார். எஞ்சினை இயக்கிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு நிறுத்திவிட்டு வந்து தேத்தண்ணி கேட்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குசினிக்குள் போனால் அழுகையும் வரும்.

கழகத்தைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். அவரிடம் ஒரு பழைய மைனர் கார் இருந்தது. அவரோடு வாடகைக் கார் ஓடுகிற அண்ணை ஒருவர், இன்னும் இரண்டு பேர், என் கணவர். கூட்டம் எப்போதும் எங்கள் முற்றத்தில்தான், ஏனென்றால் எங்கள் கார் ஓரிடமும் போகாது. முதல் கூட்டத்திலேயே தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போசகர் என்று ஐந்து பேருக்கும் ஐந்து பதவி கிடைத்தது. எங்கள் தீவில் மூன்று பேர் சேர்ந்து தேத்தண்ணி குடித்தாலும் அதற்கொரு தலைவர் வேண்டும். என் கணவர் போசகர், வேலை ஒன்றும் இல்லாத மரியாதைப் பதவி. கார் ஓட்டாத ஆளுக்கு அதுதான் பொருத்தம் என்று நான் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

டயர், உதிரிப்பாகம் மாறிக்கொள்ளத்தான் கழகம் தொடங்கியது. ரேஸ் ஓடத் தெரு போடுகிற கதையை எடுத்தவர் இவர்தான். ஒரு பின்னேரம், அதுவரை வாயே திறக்காமல் இருந்த மனிதர், “தரவையில எங்களுக்கெண்டு ஒரு தெரு போட்டால் என்ன?” என்றார்.

தரவை என்பது ஊருக்குத் தெற்கே கடல்வரை கிடக்கிற வெறும் வெளி. மாரியில் தண்ணீர் நிற்கும். கோடையில் காய்ந்து சீமெந்துத் தரைபோல இறுகிவிடும்; மாடுகள் மேயும். மரம் கிடையாது, மதில் கிடையாது. நின்ற இடத்தில் நின்று ஒருமுறை சுற்றினால் எல்லாம் தெரியும்.

“கண்டறியாத ரேஸ்,” என்று நான் அடுப்படியில் முணுமுணுத்தேன். ஆனால் காது முழுக்க முற்றத்தில் இருந்தது.

வாடகைக் கார் அண்ணைக்கு மாட்டுவண்டிச் சவாரி என்றால் உயிர். சவாரித் திடல் போல நேராக ஒரே கோட்டில் போட வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அதற்கு என் கணவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

“நேராய்ப் போனால் எங்கையோ ஒரிடத்தில போய் முடியும், அண்ணை. முடியிற இடத்தில ஆரும் நிப்பாங்கள். சுத்தித்தான் வரவேணும். தரவையில சுத்தி வந்தால் முழுத் தெருவும் எந்த நேரமும் கண்ணுக்குத் தெரியும்.”

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். “ஓம், சுத்தியே போடுவம்,” என்றார்.

ஆனால் சுற்றி வருகிற தெரு எப்படி இருக்கும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்டேசன் மாஸ்டர் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் பார்த்தவர். அது முட்டை வடிவமோ பூசணிக்காய் வடிவமோ என்பது அவருக்கு மறந்துவிட்டது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற வண்டி என்று எங்கள் ஊரார் கண்டது தேர் ஒன்றைத்தான். ஆகவே தேர்வீதி போலவே கீறினார்கள்: கிழக்கு வீதி, தெற்கு வீதி, மேற்கு வீதி, வடக்கு வீதி, நான்கு மூலை. தேரைத் திருப்ப விடுவது போல ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் அகலம். வலமாகத்தான் ஓடவேண்டும் என்பதைப் பற்றி ஒருவரும் பேசவே இல்லை. இடமாகவும் ஓடலாம் என்பது ஒருவருடைய நினைவிலும் வரவில்லை.

“மூலையில கார் எப்பிடித் திரும்பும்? தேருக்குப் போடுற மாதிரிச் சில்லுக்குச் சறுக்குக்கட்டை போடப் போறியளே?” என்று நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று கேட்டேன்.

என் கணவர் சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்து, அவர் அந்தத் தெருவில் கார் ஓட்ட வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

பின்னேரங்களில் பேச்சிலேயே தெரு வளர்ந்தது. முற்றத்து மணலில் அவர் தடியால் கீறிக் காட்டுவார். இந்தப் பக்கம் சனம் இருந்து பார்க்க வாங்குப் பலகைகள், அந்தப் பக்கம் கம்பங்களில் விளக்கு. நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் சனம் வள்ளங்களில் வந்து இறங்கும். வெளிச்சத்தைப் பார்த்துத் தூரத்தில் போகிற கப்பல்காரன் இது என்ன பட்டணம் என்று கேட்பான். கடற்காற்று வேம்பை அசைக்கும்போது எனக்கும் அந்த விளக்குகள் தெரிவது போல இருக்கும். கேட்டுக்கொண்டே, அரிசி புடைக்கிற சுளகோடு அப்படியே இருந்துவிடுவேன். அரிசியில் கல் கிடந்துவிடும்.

பங்குனியில் வேலை தொடங்கியது. கல் பொறுக்கினார்கள், முள் வெட்டினார்கள், மாட்டுக் குளம்படிகளை மண் போட்டு நிரவினார்கள், ஓரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். முதலில் முடிந்த வேலை தண்ணீர்ப்பந்தல். தெரு இல்லாவிட்டாலும் எங்கள் ஆட்களுக்கு மோர் வேண்டும். நான் மோர்க் குடத்தோடு போகும்போது வெயிலில் தரவை தண்ணீராகத் தெரியும். அந்தக் கானலில் ஆட்கள் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் மிதந்துகொண்டு கல் பொறுக்குவார்கள். அவரும் அவர்களோடு மிதப்பார்.

“போட்டு முடிஞ்சால் நீங்கள் ஓடுவியளே?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“முடியட்டும், பாப்பம்,” என்றார்.

சொல்லிவிடுகிறேன்: அந்தத் தெருவில் ஒரு போட்டியும் நடக்கவில்லை. அந்த மாரித் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்தது. பிறகு பெற்றோல் இல்லாமல் போனது. பிறகு நாங்களே தீவில் இல்லாமல் போனோம். நடந்தது வெள்ளோட்டம் மட்டும், புதுத் தேருக்கு விடுவது போல ஒரே ஒரு வெள்ளோட்டம்.

சித்திரையில் நல்ல நேரம் பார்த்து நாள் வைத்தார்கள். ஐந்து காரும் வரவேண்டும் என்றார் ஸ்டேசன் மாஸ்டர். எங்கள் காரை வேறொருவர் ஓட்டிவர என் கணவர் விடவில்லை; தானும் ஓட்டவில்லை. கடைசியில் வாடகைக் கார் அண்ணை ஒரு நீளக் கயிறு கொண்டுவந்து முன்னால் கட்டினார். அயலெல்லாம் வந்து பிடித்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, எங்கள் ஏ ஃபோர்ட்டியை அப்படித்தான் தரவைக்கு இழுத்தார்கள். காருக்குப் பக்கத்தில் என் கணவர் நடந்துகொண்டு, யன்னலுக்குள்ளால் கையை விட்டு ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது; முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஸ்டேசன் மாஸ்டர் தன் பழைய சிவப்புக் கொடி, பச்சைக் கொடியோடு வந்திருந்தார். பச்சை காட்ட, நான்கு கார்களும் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. மூலைக்கு மூலை ஊர்ந்து, நின்று, பின்னுக்கு எடுத்துத் திரும்பின. ஆளுக்கு மூன்று சுற்று என்பது கணக்கு. மூன்றாம் சுற்று முடிய மாஸ்டர் சிவப்புக் கொடியோடு தெருவின் நடுவில் போய் நிற்பார், கார் நிற்கும்.

பிறகு எங்கள் முறை. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய்க் காரின் இடப்பக்கம் ஏறி இருந்தேன்.

“ஓடினாலும் சரி, விட்டாலும் சரி. நான் இதில இருக்கப் போறன்,” என்றேன்.

அவர் காரை ஒருமுறை சுற்றி நடந்தார். பிறகு வந்து ஏறினார். முதல் வேலையாகக் கண்ணாடியை ஏற்றினார்.

“ஆரும் நிக்கிறாங்களே எண்டு பாரும்.”

நான் நான்கு பக்கமும் பார்த்தேன். மாடுகள், கடல், தூரத்துப் பனை.

“ஒருத்தரும் இல்லை.”

கார் நகர்ந்தது. முதல் மூலையில் திரும்பவும் “பாரும்” என்றார். இரண்டாம் மூலையிலும் சொன்னார். மூன்றாம் மூலையில் சொல்லவில்லை. புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, என் பக்கம் திரும்பாமலே, “நீர் இறங்கும்” என்றார். நான் இறங்கினேன்.

அதன் பிறகு அவர் ஓடியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாம்பல் நிறக் கார் கானலுக்குள் போய்க் கரையும். பிறகு வடக்கு வீதியில் திரும்பத் தெரியும். மூலைகள் அவருக்கு மூலைகளாகவே இல்லை.

மூன்றாம் சுற்று முடிகிற நேரம் மாஸ்டர் வழக்கம்போலத் தெருவின் நடுவே போய்ச் சிவப்புக் கொடியை உயர்த்தினார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது: தெருவில் ஒருவன் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான், கார் அவனை நோக்கி வருகிறது. மோர்ச் செம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். மாஸ்டரின் வயதுக்கு நான் அவரைத் தொட்டிருக்கக் கூடாது. கையைப் பிடித்து இழுத்துக் கொடியைப் பறித்தேன்.

“ஐயா, மறியாதேங்கோ. அவரை ஒருத்தரும் மறிக்க வேண்டாம்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார், வருகிற காரைப் பார்த்தார். ஓரத்துக்கு வந்து பச்சைக் கொடியை எடுத்து உயர்த்தினார். கார் எங்களைக் கடந்து போனது. மாஸ்டர் கொடியை இறக்கவில்லை. கை களைத்தபோது மற்றக் கையால் தாங்கிக்கொண்டார். எத்தனை சுற்று என்று ஒருவரும் எண்ணவில்லை.

பெற்றோல் முடிந்து கார் மேற்கு வீதியில் தானாக நின்றது. நான் நடந்து போனேன். கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. முகமெல்லாம் புழுதி, கண்ணுக்குக் கீழே மட்டும் அது கரைந்து கோடாக இறங்கியிருந்தது.

“ஒருத்தரும் மறிக்கேல்லை,” என்றார்.

“ஓம்,” என்றேன். “ஒருத்தரும் மறிக்கேல்லை.”