மகளைக் கூட்டிவர நெல்லூர் போனது

கோடை விடுமுறைக்குத் தன் அப்பாவோடு போன என் மகள், பள்ளி திறந்த பிறகும் வரவில்லை. போனில் கேட்டால், "இன்னும் ரெண்டு நாள்" என்றார் அவர். பிறகுதான் தெரிந்தது: மகாபலிபுரம் பக்கத்து இறால் பண்ணை வேலையை விட்டுவிட்டு நெல்லூரில் ஒரு பண்ணையில் சேர்ந்து, வீடு பிடித்து, எட்டு வயதுப் பிள்ளையை அங்கேயே பள்ளியிலும் போட்டுவிட்டார்.

எங்களுக்கு விவாகரத்தாகி இரண்டு வருடம். பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும், விடுமுறையில் அவரிடம் போகலாம் என்பது செங்கல்பட்டு கோர்ட் உத்தரவு. பொத்தேரியில் நான் நடத்தும் டிபன் கடையில், சாமி படத்துக்குப் பின்னால் அதைச் சொருகி வைத்திருந்தேன்.

என் தம்பி கடலுக்குப் போகிறவன். எந்தப் பிரச்சினைக்கும் அவனிடம் தீர்வு படகுதான்.

"இன்னாக்கா, இதுக்குப் போயி அழுதுகினு கீற? போட்ட எடுத்தா நேரா நெல்லூரு. புள்ளய தூக்கினு வந்துடலாம்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வக்கீலம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தூக்கினா உங்க மேலதான் கேஸ் வரும். ஸ்டேட் மாறினா உத்தரவு செல்லாம போயிடாதும்மா. பொறுங்க."

பொறுத்தேன். வக்கீலம்மா மனு போட்டு, உத்தரவை நெல்லூர் கோர்ட்டுக்கு அனுப்பி, அங்கே நிறைவேற்றச் சொல்லிக் கேட்டார். தமிழில் இருந்த தாளை இங்கிலீஷுக்கு மாற்றி முத்திரை வாங்குவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. மூன்று தடவை கூப்பிட்டும் பிள்ளையின் அப்பா கோர்ட்டுக்கு வராததால், பிள்ளையை நேரில் கொண்டுவர நெல்லூர் நீதிபதி அமீனாவை, அதாவது உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரை, அனுப்பினார்.

அமீனா வயதானவர். அரைகுறைத் தமிழ் பேசுவார். அவரும் ஒரு பெண் போலீசும் நானும் தம்பியும் ஒரு சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"பாப்பா திருப்பதிக்குப் போயிருக்கு சார்," என்றார் என் முன்னாள் கணவர், கதவை அடைத்து நின்றபடி.

அமீனா குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துக்கொண்டே கொடியைப் பார்த்தார். சின்னச் சீருடை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா திருப்பதி போச்சு. கவுன் மட்டும் இங்க குளிச்சிட்டு நிக்குதா?"

"அது... பக்கத்து வீட்டுது."

இதற்குள் தம்பியைக் காணவில்லை. தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டது. பஞ்சு மிட்டாய்க்காரரின் கம்பை அப்படியே வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு, மணியடித்தபடி வந்துகொண்டிருந்தான் அவன். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தவள் என் மகள்.

"மாமா! நீ இன்னா இங்க?"

அமீனா தம்ளரைக் கீழே வைத்தார். "திருப்பதி பஸ் சீக்கிரம் வந்துடுச்சு," என்றார். பெண் போலீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மகள் மிட்டாயை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். ஆனால் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் கோர்ட்டில் நீதிபதி அவரைக் கடிந்துகொண்டார். "பாக்காம இருக்க முடியல சார்," என்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார் அவர். திட்டுவதற்கென்று ஊரிலிருந்து நான் சேர்த்து வைத்துக் கொண்டுபோன வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. பிள்ளை என்னோடு வர வேண்டும், மாதம் இரண்டு சனிக்கிழமை அவர் செங்கல்பட்டு வந்து பார்க்கலாம் என்று முடிந்தது.

வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் அவள் என்னிடம் தமிழில் பேசவே இல்லை. சாப்பிடுறியா? "ஒத்து." தலை வாரட்டுமா? "ஒத்து." வேண்டாம் என்பதற்குத் தெலுங்கில் அதுதான் வார்த்தையாம். கடைக்கு வரும் ஆந்திர மாணவிகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர்களையே பிடித்து நானும் நாலு வார்த்தை படித்தேன். மறுநாள் தட்டை வைத்து, "அன்னம் தினு, பங்காரம்," என்றேன். சோறு சாப்பிடு, தங்கமே.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா, அப்டி சொல்லக் கூடாது!"

எப்படிச் சொல்வது என்று கற்றுக் கொடுத்தாள். வேண்டுமென்றே நாலு தடவை தப்பாகச் சொன்னேன்.