கோலுக்கு முன்னால்

ஹைதராபாத்தில் பந்து நிற்பதில்லை. நாங்கள் குடியிருக்கும் லோத்குண்டாவில் ராணுவ நிலத்து மதிலை ஒட்டி ஒரு மைதானம் உண்டு. அங்கே ஒருமுறை உதைத்தால் பந்து சரளைக்கல்லில் தத்தித் தத்தி, வேப்பமரத்தைத் தாண்டி, சாலை வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். கன்னியாகுமரிக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு இது பெரிய அக்கிரமமாகப் பட்டது. எங்கள் மணலில் பந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும். இந்த ஊருக்கு வந்த முதல் ஆறு வருடத்தில் கோங்குராக் கீரையின் புளிப்புக்குப் பழகிவிட்டேன். ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு ஐம்பது நிமிடம் காக்கவைக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் பழகிவிட்டேன். பந்துக்குப் பழகத்தான் அயர்லாந்திலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது.

ஹைடெக் சிட்டிப் பக்கம் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டிடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். டப்ளினில் உள்ள ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி தன் வேலையை எங்களிடம் ஒப்படைக்க ஓர்லாவை மூன்று மாதத்துக்கு அனுப்பியிருந்தது. முப்பத்தொரு வயது, நிலைவாசலில் குனிந்து நுழையும் உயரம். முதல் வாரம் கேன்டீனில், தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டே, தான் அயர்லாந்துப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் என்று சொன்னாள். எங்கள் டீம் லீட் உடனே ஆட்டோகிராஃபுக்கு நோட்டை நீட்டினார். வாங்கிக்கொண்ட பிறகு, நாட்டுக்காக ஆடுகிறவர் இங்கே எங்களோடு உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்ப்பானேன் என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் பங்களா கட்டி, விளம்பரத்தில் சோப்பு விற்கிறவர்கள். ஓர்லா ரொம்ப நேரம் சிரித்தாள். அவளுடைய அணியில் நர்ஸ் உண்டு, போலீஸ் உண்டு, பள்ளிக்கூட டீச்சர் உண்டு. எல்லோரும் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வந்து நாட்டுக்காக ஆடுகிறவர்கள். முதன்முதலில் அணிக்கு அழைப்பு வந்தபோது, பத்தொன்பது வயதில், அவள் ஒரு கடையில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாளாம். ஆடியதற்கு அடையாளமாகக் கொடுத்த குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பிகள் அவள் அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கின்றனவாம்.

மீதிக் கதையை வீடு திரும்பும் ஆபீஸ் காரில் சொன்னாள். அவள் தங்கியிருந்த விருந்தினர் இல்லம் மாரேட்பள்ளியில், நான் போகும் வழிதான். கடைசியாக ஆடிய மேட்சில் உயரே வந்த ஒரு பந்து அவள் தலையைத் தாண்டிப் பின்னால் இறங்கி கோலாகிவிட்டது. அந்த ஒரு கோலில் தோற்றார்கள். அடுத்த மேட்சில் அவள் இடத்தில் ஒரு சின்னப் பெண் நின்றாள். இந்தியாவிலிருந்து வந்ததும் ஒருநாள் உன் ஆட்டத்தைப் பார்க்கிறேன், அதற்குப் பிறகு முடிவு என்று கோச் சொல்லியிருந்தார். மூன்று மாதம் பயிற்சி இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு மேட்ச். அந்தப் பந்தோடு என் ஆட்டம் முடிந்துபோகக் கூடாது" என்றாள். பிறகு, உங்கள் வீட்டுப் பக்கம் மைதானம் இருக்கிறதா என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஆபீஸ் ஆண்கள் நாலு பேர் வந்தார்கள். துருப்பிடித்த கோல் கம்பம் இருந்தது, வலை இல்லை. ஓர்லா உயரப் பந்து கேட்டாள். கிளையன்ட் மேடம் ஆயிற்றே என்று இரண்டு பேர் சாமிக்குப் பூப்போடுகிற மாதிரி உதைத்தார்கள். மற்ற இரண்டு பேர் தரையோடு தரையாக அடித்துப் பந்தை சாலைக்கு அனுப்பினார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து, போன பந்துகளைப் பொறுக்கினேன். அந்த வேலை எனக்கு அத்துப்படி.

எங்கள் ஊரில் கால்பந்து என்றால் உயிர். ஆனால் பெண்பிள்ளைகளுக்கு அதில் ஒரே ஓர் இடம்தான், கோலுக்குப் பின்னால். அண்ணன்மார் மூன்று பேரும் ஆடுவார்கள். நான் அலைக்குள் போன பந்தை எடுத்து வந்து, கம்பத்துக்கு மேலாகத் திருப்பிப் போடவேண்டும். மணலில் உருட்டினால் பந்து போகாது. பெருவிரலை அடியில் கொடுத்து, தோண்டி எடுக்கிற மாதிரி தூக்கவேண்டும். அது மேலே போய், கம்பத்தைத் தாண்டியதும் தொப்பென்று இறங்கும். ஏழு வயதிலிருந்து பதினேழு வரைக்கும் இதைச் செய்தேன். ஒருநாள்கூட முன்பக்கம் வா என்று யாரும் கூப்பிடவில்லை. இப்போதும் நினைத்தால் கோபம் வருகிறது.

மூன்றாம் நாள் ஆண்கள் வரவில்லை. ஓர்லா சோர்ந்துபோய் நின்றாள். என் பக்கம் கிடந்த பந்தைத் திருப்பிக் கொடுக்க, செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய ஞாபகத்தில் கம்பத்துக்கு மேலாகத் தூக்கிப் போட்டேன். அது அவள் தலைக்கு மேல் வந்து, அவள் கை நீட்டுவதற்குள் முன்னால் இறங்கியது. ஓர்லா பந்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "முன்பக்கம் வா" என்றாள். முப்பத்துநாலு வயதில், சுடிதாரோடு, முதன்முறையாக நான் கோலுக்கு முன்னால் போய் நின்றேன். அங்கிருந்து தூக்கினேன். பந்து அவளைத் தாண்டிப் பின்னால் இறங்கியது. அவளை வீட்டில் உட்காரவைத்த அதே கோல். அவளுக்கு என்ன சந்தோஷம்! "அகெய்ன்" என்றாள்.

அதற்குப் பிறகு மழை பெய்யாத காலையெல்லாம் மைதானத்தில்தான். ஷூ போட்டால் பந்து எழும்பவில்லை, வெறுங்கால்தான் வேண்டும். அதனால் தினமும் முதலில் இரண்டு பேரும் குனிந்து கல் பொறுக்குவோம். மணலில் தோண்டிய விரலை இங்கே தரையில் வழுக்கவிடப் பழகவேண்டியிருந்தது. நகம் இரண்டு முறை பெயர்ந்தது. பாதுகாப்புத் துறை கம்பெனியில் எட்டரைக்கு கார்டு தேய்க்கும் என் கணவர் முதல் வாரம் முனகினார், அப்புறம் மகள் நிஷாவின் டிபன் பாக்ஸைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தோசை வட்டமாக வரவில்லை என்று அவள் இந்தியில் புகார் சொன்னாள். மைதானத்துக் காவலாளி யாதகிரிக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் பாய்ந்து பாய்ந்து விழுகிறாள், நான் அவளை விடாமல் பந்தால் அடிக்கிறேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொம்பில் தண்ணீரோடு வந்து ஓர்லாவிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "கைக்கு மார்ரே மேடம்? நக்கோ, பிச்சாரி கிர்ரே" என்றார். எதற்கு அடிக்கிறீர்கள், வேண்டாம், பாவம் விழுகிறாள் என்று அர்த்தம். நான் விளக்கியதை அவர் நம்பவில்லை. கடைசி வாரம் அவள் ஐந்து பந்தை வரிசையாகக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டபோது கை தட்டியவரும் அவர்தான்.

ஓர்லா தன் பழைய பச்சைக் கையுறையை நிஷாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை, மேட்ச் என்று மட்டும் அவளிடமிருந்து மெயில் வந்தது. டிவியில் எந்தச் சேனலும் காட்டவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்தில் வரும் வரிகளைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தோம். ஆடுகிறவர்கள் வரிசையில் முதல் பெயரே அவளுடையது. நான் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். மேட்ச் கோல் இல்லாமல் முடிந்தது. மறுநாள் அவள் எழுதியிருந்தாள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பந்து தலைக்கு மேல் இறங்கியது, உன்னுடையதை விட மெதுவாக, விரல் நுனியால் மேலே தட்டிவிட்டேன், இனி நிம்மதியாக ஓய்வு பெறலாம். அதைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன், அவ்வளவு சந்தோஷம். ஊரில் இருக்கும் பெரியண்ணனுக்குப் போன் போட்டு, "நாங்க தோக்கல" என்றேன். நாங்க என்றால் ஆரு என்று அவன் கேட்டான்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். கடற்கரையில் அண்ணன்மார் ஆடிக்கொண்டிருந்தார்கள், தொப்பையோடு. யாரும் கூப்பிடக் காத்திராமல் நேராகப் போய் கோலுக்கு முன்னால் நின்று பந்தைக் கேட்டேன். நிஷா பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு கம்பத்துக்கு நடுவே நின்றாள். தூக்கினேன். லோத்குண்டா தரைக்குப் பழகிய கால், மணலுக்குள் இறங்க மறந்துவிட்டது. பந்து எக்குத்தப்பாகப் பட்டு, கம்பத்துக்கு வெகு மேலே பறந்து கடலில் விழுந்தது.

"ஏட்டி, ஒனக்கு மணலு மறந்துபோச்சே" என்று பெரியண்ணன் சிரித்தான்.

மறந்துதான் போயிருந்தது. ஆனாலும் நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பந்து அலையில் மிதந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரியண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். நிஷா கையுறையைத் தட்டி, இன்னொரு தடவை போடச் சொன்னாள்: "மம்மி, ஏக் பார் ஔர்."